வலை முதல் வண்டி வரை: வளர்ப்பு மீனைக் கையாளும் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை, திலேப்பியா, விரால் வளர்க்கும் நன்னீர்க் குளங்களை வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. தீவனம், நோய் மருந்து பற்றி இங்கே அதிகம் இல்லை. மீனைத் தொடுகிற பொருள்கள், அதாவது வலை, வாளி, தராசு, பை, தொட்டி, குழாய் ஆகியவை மீனுக்கு என்ன செய்கின்றன என்பதுதான் பேச்சு.

பிடித்து மாற்றி விட்ட மீன் அன்றைக்கு நன்றாக ஓடுகிறது. இரண்டு மூன்று நாளில் செத்து மிதக்கிறது. தண்ணீர்க் கோளாறா?

இருக்கலாம். ஆனால் தண்ணீரைச் சோதிக்கும் முன் செத்த மீனின் உடம்பைப் பாருங்கள். செதில் உதிர்ந்த இடம், அதைச் சுற்றிச் சிவப்பு, அதன் மேல் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை இருந்தால் கோளாறு வலையில் தொடங்கியிருக்கிறது.

மீன் செதிலுக்கு மேலே மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதற்கு மேலேதான் கையில் வழுக்குகிற அந்தச் சளிப்படலம். செதில் உதிர்கிறது என்றால் அதை மூடியிருந்த தோலும் கிழிந்துவிட்டது என்று பொருள். நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு ஏறக்குறைய 0.9 சதவீதம், குளத்து நீரில் அது மிகமிகக் குறைவு. கிழிந்த இடத்தின் வழியே தண்ணீர் உள்ளே போகும், உப்பு வெளியே கசியும். இதைச் சரிக்கட்ட மீன் ஓயாமல் உழைக்க வேண்டும். அதே நேரம் பிடித்த அதிர்ச்சியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து நோய் எதிர்ப்பும் தாழ்ந்திருக்கும். காயம், உப்பு இழப்பு, எதிர்ப்புச் சக்திக் குறைவு மூன்றும் சேர்ந்து மீனைக் கொல்ல 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கிறது. அதனால்தான் வலை போட்ட அன்று குற்றவாளி யாரென்று தெரிவதில்லை.

மீனுக்கு வலிக்குமா என்ன?

வலிக்கும் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்வதே சரி. 2003-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் வானவில் டிரவுட் மீனின் தலையில், வலியூட்டும் தூண்டலுக்கு மட்டும் வேலை செய்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தீவனத்தை விட்டு ஒதுங்கின, உதட்டைச் சரளையில் தேய்த்தன. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் மனிதர் அல்லாத எல்லா உயிரையும் ‘விலங்கு’ என்றே வரையறுக்கிறது. மீனுக்கென்று அதில் விலக்கு இல்லை.

முடிச்சு வலைக்கும் முடிச்சில்லா வலைக்கும் அவ்வளவு வித்தியாசமா? விலை கூடவே கேட்கிறார்களே?

கொடுக்கிற விலைக்கு முழுப் பலன் தருகிற ஒரே கருவி அதுதான் என்பது எங்கள் கணிப்பு. முடிச்சு வலையின் ஒரு சாணைக் கையில் எடுத்து, முன்கையின் உள்பக்கத் தோலில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடுகள் விழும். கொஞ்சம் நனைத்துவிட்டு முடிச்சில்லா வலையை அதே போல இழுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். வலையின் நடுவே மீன் குவிகிற பை போன்ற மடி இறுகும்போது ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனின் எடையோடு சேர்ந்து அந்த முடிச்சுகளின் மேல் தேய்கிறது.

முழு இழுவலையையும் மாற்றப் பணம் இல்லையென்றால், மீன் குவிகிற நடு மடியை மட்டும் முடிச்சில்லா வலையாக மாற்றித் தையுங்கள். மடிக்கு இரு பக்கமும் நீளும் சிறகுகள் பழைய வலையாக இருந்தால் அவ்வளவு கேடில்லை. அங்கே மீன் வலையைக் கண்டு விலகி ஓடுமே தவிர உராய்வது குறைவு. அதற்கும் முன்னால் மாற்ற வேண்டியது கைவலை. பண்ணையில் மீனை அதிகம் தொடுகிற கருவி அது.

கண்ணி அளவை எப்படி முடிவு செய்வது?

குளத்தில் இருக்கிற மிகச் சிறிய மீனின் தலை நுழையாத கண்ணியாக இருக்க வேண்டும். பலரும் சராசரி மீனைப் பார்த்து வலை எடுக்கிறார்கள். முக்கால் கிலோ கட்லாவுக்கு என்று எடுத்த வலையில் 200 கிராம் மிர்கால் தலையை நுழைத்து, செவுள் மூடியில் கண்ணி மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கப் பின்னுக்கு இழுத்தால் செவுள் மூடி கிழியும். மாட்டிய மீனை முன்பக்கமாகவே தள்ளி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கண்ணியைக் கத்தரித்துவிடுங்கள். வலையை அப்புறம் தைத்துக்கொள்ளலாம்.

வலையின் நீளம் குளத்து அகலத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் நீரின் ஆழத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். நீளம் போதாத வலை விறைத்து நிற்கும், ஈயக்குண்டு தரையை விட்டு எழும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் புகுந்து தப்பும். அதற்காக இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுப்பீர்கள். முதல் இழுப்பில் தப்பிய மீனுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் அதே ஓட்டம், அதே பயம். ஒரே காலையில் மூன்று இழுப்புக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள்.

மாதாமாதம் வீச்சு வலை போட்டு எடை பார்க்கிறோம். அது சரியா?

வீச்சு வலை பெரும்பாலும் மெல்லிய ஒற்றை இழை நைலான், அதோடு முடிச்சும் இருக்கும். செதிலுக்கு மிகக் கெட்ட கூட்டு அது. தீவனம் போடும் இடத்தில் ஒரு தட்டு வலையைத் தரையில் விரித்து வைத்து, மீன் தீவனத்துக்குக் கூடியதும் நான்கு மூலையையும் ஒரே சமயத்தில் தூக்கினால் 20, 30 மீன் கிடைக்கும். மாதிரிக்கு அது போதும். வீச்சு வலைதான் வழி என்றால் பிடித்த மீனைத் திரும்ப விடாமல் சமையலுக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

விடியற்காலையில் பிடித்தால் குளுமை என்கிறார்கள். ஆனால் அப்போதுதான் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதே?

இரண்டும் உண்மை. விடியலில் வெயில் இல்லை, நீரும் குளிர்ந்திருக்கும். ஆனால் இரவு முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டதில் கரைந்த ஆக்ஸிஜன் அன்றைய நாளின் மிகக் குறைந்த அளவுக்கு வந்திருக்கும். பச்சை அடர்ந்த குளத்தில் அந்த நேரத்தில் வலை இழுத்தால் அடிச் சேறும் கலங்கி, இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை முந்தின இரவு 10 மணிக்கே போட்டுவிடுங்கள். காலையில் ஆக்ஸிஜன் மீட்டரில் லிட்டருக்கு 4 மில்லி கிராமுக்குக் கீழ் இருந்தால் வலையை இறக்காதீர்கள். 5 இருந்தால் நிம்மதி. மீட்டர் இல்லாவிட்டால் மீன் மேற்பரப்பில் வாய் பிளப்பது நிற்கும் வரை காத்திருங்கள். பெரும்பாலும் வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் நிற்கும். வானம் மேகமூட்டமாக இருக்கும் நாளில் பிடிப்பே வேண்டாம். வலை இறக்கும் முன் துடுப்பு ஏரேட்டரை நிறுத்தி, மின் இணைப்பையும் கழற்றி, ஓரமாக இழுத்துக் கட்டுங்கள். வலை சுற்றினால் மீனுக்கும் ஆபத்து, தண்ணீரில் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து.

மடியை எவ்வளவு இறுக்கலாம்?

மேற்பரப்பைப் பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு முதுகுத் துடுப்பு மட்டும் தெரிந்து, நீர் அமைதியாக இருந்தால் சரி. வெள்ளை வயிறுகள் பளிச்சிடத் தொடங்கினால் கொஞ்சம் தளர்த்துங்கள். மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நீர் கொதிப்பது போல இருந்தால் உடனே தளர்த்தியாக வேண்டும். கொதிப்பு அடங்கிப்போய் மீன்கள் சாய்ந்து கிடந்தால் அது அமைதி இல்லை, மூச்சுத் திணறல். இந்தக் கடைசி நிலையைப் பார்த்து ‘இப்போதுதான் மீன் அடங்கியது’ என்று அள்ளத் தொடங்குவது நம்மூரில் அடிக்கடி நடக்கும் தப்பு.

மடியைச் சேற்றுப் பக்கம் முடிக்காமல், நீர் வரத்து விழும் பக்கம் அல்லது கெட்டித் தரை உள்ள பக்கம் முடியுங்கள். மோட்டார் தண்ணீர் மடிக்குள் விழுகிறாற்போல் குழாயைத் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு மடியில் மீன் அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வியாபாரியின் வண்டி வந்து நின்ற பிறகே மடியை இறுக்குங்கள்.

மீனைத் தண்ணீருக்கு வெளியே எத்தனை நேரம் வைக்கலாம்?

15 விநாடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீரில் மிதந்து பிரிந்து நிற்கும் வரைதான் வேலை செய்யும். காற்றுக்கு வந்ததும் ஈரத்தாள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தும் மீனால் எடுக்க முடியாது. கெண்டை சாகாமல் நெடுநேரம் துடிக்கும். அந்தத் தாக்குப்பிடிப்பை நாம் சௌகரியமாக எடுத்துக்கொள்கிறோம்.

நேரத்தை மிச்சப்படுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வாளியில் தண்ணீர் வைப்பது எளிது. 40 லிட்டர் டப்பாவில் பாதி நீர், அதில் மீன் 6 முதல் 8 கிலோ. கைவலையில் ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல் அள்ள வேண்டாம். மேலே உள்ள மீனின் எடை முழுக்க அடியில் உள்ள மீனின் மேல்தான் இறங்கும். அன்னக்கூடையில் குவித்து வரப்பு மேல் நடப்பதால் வயிற்றுப்பக்கம் ரத்தம் கட்டிய மீன்கள்தான் சந்தைக்குப் போகும்.

எடை போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரோடு எடை போடுங்கள். தராசில் 20 லிட்டர் நீருடன் தொட்டியை வைத்து, சுழியமாக்கி, பிறகு மீனை இடுங்கள். கைவலையிலிருந்து நீரை இரண்டு மூன்று விநாடி வடியவிட்டு இட்டால் பிழை மிகக் குறைவு. காய்ந்த தகரத் தட்டில், அதிலும் வெயில் பட்ட தட்டில் மீனைப் போடுவது சுடுகல்லில் போடுவது போல.

கை, கையுறை, துணி: எது நல்லது?

நனைத்த வெறுங்கை அல்லது நனைத்த வழவழப்பான ரப்பர் கையுறை. பருத்திக் கையுறை பிடிக்கு நல்லதுதான், ஆனால் சளியை வழித்துவிடும். திலேப்பியா முள் குத்துகிறது என்று பருத்திக் கையுறை போடுகிறவர்கள் அதற்கு மேல் ரப்பர் ஒன்றையும் போட்டு நனைத்துக்கொள்ளலாம். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதீர்கள். ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றுக்குக் கீழேயும் இருக்கட்டும்.

தாய்மீனுக்கு இது இன்னும் முக்கியம். 4, 5 கிலோ சினைக் கட்லாவை நான்கு பக்கமும் கம்பு கோத்த ஈரத் துணித் தொட்டிலில் தூக்கி, ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளல் சட்டென அடங்கும். முட்டையிடத் தூண்டும் ஊசி போடுவதற்குள் துள்ளி விழுந்த மீனில் முட்டை கலங்கியிருக்கும்.

கிராம்பு எண்ணெய் மயக்கம் கொடுக்கலாமா?

தாய்மீனை ஊசிக்கு, குறியிடுவதற்கு, காயம் பார்ப்பதற்குப் பிடிக்கும்போது கொடுக்கலாம். எண்ணெய் நேரே தண்ணீரில் கரையாது. 1 பங்கு எண்ணெயை 9 பங்கு எத்தனாலில் நன்றாகக் குலுக்கிக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4 மில்லியை 10 லிட்டர் நீரில் விட்டால் லிட்டருக்குச் சுமார் 40 மில்லி கிராம் வரும். கெண்டை இரண்டு மூன்று நிமிடத்தில் சாயும். செவுள் மூடி அசைவது தொடர வேண்டும். அசைவு நின்றால் உடனே நல்ல நீருக்கு மாற்றி, முன்னோக்கி மெல்ல நகர்த்துங்கள். முதலில் ஒரு மீனில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். விற்பனைக்குப் போகும் மீனுக்கு இது வேண்டாம்.

குஞ்சுகளை ஆக்ஸிஜன் பையில் அனுப்பும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் பைக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிறது, பையில் குறைவு.

முன்னால்: வயிறு நிறைந்த குஞ்சைக் கட்டிவிடுவது. வழியில் அது கழிக்கிற கழிவு அம்மோனியாவாக மாறும். அனுப்புவதற்கு முந்தின நாளே குஞ்சை ஹாப்பாவில், அதாவது நீரில் கட்டும் நுண்கண்ணி வலைத் தொட்டியில், நெருக்கமாக விட்டு, தீவனத்தை நிறுத்தி, மேலே நீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். இளங்குஞ்சுக்கு 12 மணி நேரம், விரலளவுக் குஞ்சுக்கு 24 மணி நேரம். இந்த நேரத்தில் வயிறும் காலியாகும், நெருக்கமும் பழகும், பலவீனமானவை இங்கேயே தெரிந்துவிடும். ஹாப்பாவின் கண்களில் பாசி படிந்திருந்தால் நீரோட்டமே இருக்காது. முதல் நாள் தேய்த்துக் கழுவிய ஹாப்பாதான் வேண்டும்.

கட்டும்போது: 18 லிட்டர் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். கூர்மூலையில் குஞ்சு சிக்கி நசுங்குவது அப்படித்தான் நிற்கும். 6 லிட்டர் தெளிந்த நீர், குஞ்சு, பிறகு பையை நீர்மட்டம் வரை அமுக்கி உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் ஆக்ஸிஜன் அடைத்தும் பாதி வெறுங்காற்றுதான். குழாயை அடி வரை விட்டு மெதுவாக ஆக்ஸிஜன் நிரப்பி, விரலால் அழுத்தினால் சற்று உள்வாங்குகிற அளவில் கட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஆக்ஸிஜன் என்பது கணக்கு.

எண்ணிக்கையைவிட எடையைப் பாருங்கள். 8 மணி நேரப் பயணத்துக்கு லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் குஞ்சு. ஓர் அங்குலக் குஞ்சானால் ஒரு பைக்கு 1000 வரை, 3 அங்குலக் குஞ்சானால் 50 அல்லது 60. வெயில் காலத்தில் இதில் கால் பங்கைக் குறையுங்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லி கிராம் பிடிக்கும் நீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடும். திலேப்பியாவின் முதுகு முள் பையைக் குத்தும். 3 அங்குலத்துக்கு மேற்பட்ட திலேப்பியாவை மூடிய டிரம்மில், காற்றைக் குமிழாக விடும் காற்றுக்கல் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பின்னால்: வந்து சேர்ந்த பையைக் குளத்தில் மிதக்கவிட்டு 20 நிமிடம் கழித்துத் திறப்பது நல்ல பழக்கம். ஆனால் முதலிலேயே வாயை அவிழ்த்துவிட்டு மிதக்கவிடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா இருந்தாலும் அதன் நச்சு வடிவம் குறைவு. வாயைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடும், பி.எச். ஏறும், இருந்த அம்மோனியா நஞ்சாகும். எனவே மூடிய நிலையில் வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்த பிறகு தாமதம் வேண்டாம். இரண்டு மூன்று கை குளத்து நீரை உள்ளே விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் பையைச் சாய்த்து, குஞ்சு தானாக வெளியே போகவிடுங்கள்.

பயண நீரில் உப்பு போடலாமா? எவ்வளவு?

போடலாம். லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு, அதாவது 6 லிட்டர் பைக்கு 18 கிராம், 1000 லிட்டர் தொட்டிக்கு 3 கிலோ. ரத்தத்துக்கும் நீருக்கும் உள்ள உப்பு இடைவெளி குறைவதால் மீனின் உழைப்பு குறையும். கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். அடியில் கிடக்கும் கல் குஞ்சின் வயிற்றைச் சுடும்.

இறக்கிய பிறகு காயத்துக்கு முக்கி எடுப்பது வேறு அளவு: 10 லிட்டருக்கு 300 கிராம், விரலளவுக் குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். ஒரு குஞ்சு சாய்ந்தாலே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் இதைச் செய்யக் கூடாது. உப்பு துத்தநாகத்தைக் கரைக்கும், அது செவுளுக்கு நஞ்சு. பிளாஸ்டிக் வாளியே போதும்.

உயிர்மீன் வண்டித் தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

உள்பக்கம் வழவழப்பாக, மூலைகள் வளைந்து, நீர் விளிம்பு வரை நிறைந்து இருக்க வேண்டும். முக்கால் அளவு நிரப்பிய தொட்டியில் ஒவ்வொரு பிரேக்குக்கும் நீர் அலையடித்து மீனைச் சுவரில் மோதும். 1000 லிட்டருக்கு 100 கிலோ கெண்டையில் தொடங்குங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு அது பத்திரமான அளவு. சிலிண்டரோடு நுண்துளைக் காற்றுக்கல் அடியில் ஓடட்டும், கூடவே ஒரு சிறிய காற்று ஊதியும் ஓடட்டும். தூய ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் மூச்சுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி மீன் மயங்கும். ‘ஆக்ஸிஜன் நிறைய இருந்தும் செத்துவிட்டது’ என்ற புகாரில் பாதி இப்படி வருகிறது.

இறக்கும் குழாய் 15 முதல் 20 செ.மீ. விட்டம், நுனி குளத்து நீரைத் தொட வேண்டும். உள்ளே பிசிர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து அறிய முடியாது. பழைய மெல்லிய சேலைத் துணி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் ஒரு முறை இழுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே மீனும் சிக்கும். பெரும்பாலும் இணைப்பு வளையத்தில், இல்லையென்றால் திருகு நுனியில் இருக்கும். அரத்தால் தேய்த்துவிடலாம்.

மீன் பம்பு நமக்குத் தேவையா?

நார்வே, ஸ்காட்லாந்து சால்மன் பண்ணைகளில் வெற்றிட பம்பும் திருகு பம்பும் இல்லாமல் வேலை நடக்காது. நம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குளத்துக்கு அவசியம் இல்லை. பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது வளைவுகள், வேகம், உறிஞ்சும் பக்கக் கசிவு. கசிவு வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தத்தில் நீரில் கரைந்தால், மீனின் துடுப்பிலும் கண்ணிலும் வாயுக் குமிழ்கள் தோன்றும். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தாலும் குஞ்சுத் தொட்டியில் இதே நோய் வரும். இதைப் பலர் கிருமி என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள்.

கருவி புதியது என்பதற்காக மீனுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். சால்மன் தோலில் ஒட்டும் பேன் பூச்சியை உதிர்க்க வெந்நீரில் முக்கும் இயந்திரங்கள் வேகமாகப் பரவின. 28 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள நீரில் சால்மன் வலியால் துடிக்கிறது என்பதை 2019-இல் நார்வே ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு கேள்வி வலுத்தது.

எந்தக் காயம் எந்தக் கருவியால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடித்து முடித்ததும் 30 மீனை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி வளையம் போல செதில் போயிருந்தால் கண்ணி பெரிது, மீன் மாட்டியிருக்கிறது. உடம்பின் இரு பக்கமும் கட்டம் கட்டமாக உதிர்ந்திருந்தால் மடியில் முடிச்சு உராய்ந்திருக்கிறது. மூக்கு நுனி சிவந்திருந்தால் ஹாப்பா சுவரிலோ தொட்டியிலோ திரும்பத் திரும்ப முட்டியிருக்கிறது. வயிறு மட்டும் சிவந்திருந்தால் கூடையில் அழுத்தம், அல்லது சிமெண்ட் வரப்பின் மேல் இழுத்திருக்கிறார்கள். வால் பிளந்திருந்தால் யாரோ வாலைப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் ரத்தம் என்றால் மீன் விழுந்திருக்கிறது. செவுளில் ரத்தக் கசிவு என்றால் விரல், அல்லது பம்பு. காயமே இல்லாமல் உடம்பு முழுக்க வெண்மூட்டம் படர்ந்திருந்தால் வலை கழுவிய பிளீச்சிங் பவுடர் சரியாக அலசப்படவில்லை, அல்லது உப்பு முக்கல் அளவு மீறிவிட்டது.

மடியில் 10, வாளிக்குப் பின் 10, வண்டியில் ஏறிய பின் 10 என்று பிரித்துப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் எண்ணிக்கை கூடுகிறதோ அந்தக் கருவியைத் திருத்தினால் போதும். எல்லாவற்றையும் வாங்கி மாற்ற வேண்டியதில்லை.

இனத்துக்கு இனம் கருவி மாற வேண்டுமா?

வெள்ளிக் கெண்டையும் கட்லாவும் மிக மென்மையானவை. வெள்ளிக் கெண்டை துள்ளி மேலே ஆள் உயரம் போகும், வரப்பில் விழும், செத்தும் போகும். மடியின் மேல் விளிம்பை அரை மீட்டர் தூக்கிக் கட்டி, இவற்றை முதலில் அள்ளிவிடுங்கள். ரோகுவும் துள்ளும், ஆனால் தாங்கும். திலேப்பியா உறுதியான மீன், ஆனால் நெருக்கினால் முள்ளால் ஒன்றையொன்று குத்தும். கெளுத்தியின் பக்க முள் வலையில் சிக்கினால் இழுக்காமல், முள்ளை உடம்போடு மடக்கி எடுக்க வேண்டும். கொடுவா ஒன்றையொன்று தின்னும். அதனால் அடிக்கடி அளவு வாரியாகத் தரம்பிரிக்க வேண்டியிருக்கும். தரம்பிரிக்கும் கம்பித் தட்டு வழவழப்பாக, நீருக்குள் அமிழ்ந்தபடி இருந்தால் மீன் தானாகவே நழுவிப் பிரியும்.

விரால் கதை வேறு. அது காற்றைச் சுவாசித்தே ஆக வேண்டிய மீன். வாயை மேலே கொண்டுவர முடியாதபடி வலையில் அமுக்கி வைத்தாலோ, விளிம்பு வரை நீர் நிரப்பி மூடி போட்டாலோ தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். நீரைக் குறைத்து, மேலே காற்றிடம் விடுங்கள். ஈரத்தில் நீண்ட நேரம் உயிரோடு இருக்கிறதே என்று அதன் தோலைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தப்பு. கார்த்திகை முதல் தை வரை நீர் குளிரும் மாதங்களில் விராலுக்கு வரும் புண் நோய்ப் பூஞ்சை, தோல் கிழிந்த மீனில் எளிதாக நுழைகிறது. அந்த மாதங்களில் தரம்பிரிப்பு, இடமாற்றம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வலையை எப்படிச் சுத்தம் செய்வது?

சேறு போக அலசிய பின், 100 லிட்டர் நீரில் 70 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள். அழுக்கு வலையை அப்படியே போட்டால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துவிடும், கிருமி மிஞ்சும். வெயில் கிருமியைக் கொல்லும், நைலானையும் நாள்பட நொறுக்கும். நொறுங்கிய இழை முள்ளாகக் குத்தும். வலையை விரலால் தடவிச் சொரசொரப்பு தெரிந்தால் குஞ்சு வேலைக்கு அதை எடுக்க வேண்டாம். பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்கிய வலைக்கு இந்தக் குளியல் கட்டாயம்.

விற்கிற மீனைக் கொல்லும்போதும் நலம் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நீர்வாழ் உயிரின விதித்தொகுப்பு, காற்றில் போட்டு மூச்சடைக்கவிடுவது, பனிக்கட்டி நீரில் போடுவது, மயக்காமல் ரத்தம் வடியவிடுவது ஆகியவற்றை மீனுக்குக் கேடான முறைகள் என்கிறது. பண்ணையிலேயே வெட்டி விற்பவர்களுக்கு எளிய வழி கட்டை. அரை கிலோ எடையில் ஒன்றேகால் அடி உருட்டுக் கட்டை, மீன் அசையாமல் இருக்க ஈர ரப்பர் விரிப்பு. கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலை உச்சியில் ஒரே அடி, உறுதியாக. அடி சரியாக விழுந்தால் செவுள் மூடியின் தாளம் நிற்கும். மீனைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் உயிர் உள்ள மீனின் விழி சாய்வுக்கு எதிராகச் சுழலும், மயங்கிய மீனின் விழி உடம்போடு அப்படியே திரும்பும். சுழன்றால் உடனே இரண்டாவது அடி. அதன் பிறகு செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, மீன் எடைக்குச் சமமாகத் தூள் பனிக்கட்டியில் அடுக்குங்கள்.

துடித்துச் செத்த மீனின் தசையில் சர்க்கரை தீர்ந்து அமிலம் சேர்ந்திருக்கும். சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்து, துண்டு போடும்போது சதை பிளக்கும். உடனே கொன்ற கட்லாவையும் கூடையில் துடித்துச் செத்த கட்லாவையும் மறுநாள் காலை பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்தால் விரல் குழி எதில் நிற்கிறது என்று வாங்குகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.

கையில் 5000 ரூபாய்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

முடிச்சில்லா கைவலை இரண்டு, பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று, மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று ஊதி ஒன்று, வெப்பமானி ஒன்று. மீதி இருந்தால் கல்லுப்பு.